இ-பைக் மோட்டாருக்கு சர்வீஸ் தேவையா?

எடிசன், ஃப்ரீமான்ட், பிளேனோ என்று நம்மவர்கள் நிறைந்த ஊர்களில் கராஜில் காருக்குப் பக்கத்தில் இப்போது இ-பைக்கும் நிற்கிறது. ஊரில் பைக் வாங்கிய கையோடு ஃப்ரீ சர்வீஸ் கூப்பனும் வாங்கிப் பழகியவர்களுக்கு, "இதன் மோட்டாரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு விடணும்?" என்ற சந்தேகம் வருவது இயல்பு. மோட்டாருக்கென்று மாதக் கணக்கு வைத்து சர்வீஸ் செய்ய வேண்டியதில்லை. செயின், பிரேக், ஸ்போக், பேட்டரி ஆகியவற்றுக்குத்தான் கவனிப்பு வேண்டும்.

1. பெட்ரோல் எஞ்சினில் ஆயில் கெடும், பிளக் கரி பிடிக்கும். இ-பைக்கில் இருப்பது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். உள்ளே தேய்கிற பாகங்கள் மிகக் குறைவு. நாம் மாற்ற வேண்டிய ஆயிலும் கிடையாது.

2. முதலில் உங்கள் மோட்டார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். சக்கரத்தின் நடுவில் இருந்தால் ஹப் மோட்டார். பெடல் அச்சில் இருந்தால் மிட் டிரைவ். ஹப் மோட்டாரிலும் இரண்டு வகை உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி முன்பக்கமாகச் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் ஓடினால் உள்ளே கியர் வைத்த வகை. காந்தம் பிடித்து இழுப்பதுபோல் இருந்தால் கியர் இல்லாதது. கியர் இல்லாததில் தேய்வதற்கு பேரிங் தவிர அதிகமாக எதுவும் இல்லை. கியர் உள்ளதில் சின்ன நைலான் பற்சக்கரங்கள் இருக்கும். பல ஆயிரம் மைல் ஓடிய பிறகு அவை தேயலாம். பாஷ், ஷிமானோ போன்ற மிட் டிரைவ் மோட்டார்களை நீங்கள் திறக்கவே கூடாது. திறந்தால் வாரண்டி போய்விடும். கடைக்காரரும் பெரும்பாலும் திறக்க மாட்டார். கம்ப்யூட்டரை இணைத்து, பதிவாகியிருக்கும் பிழைகளைப் படித்து, சாஃப்ட்வேரைப் புதுப்பிப்பார். பழுது என்றால் மோட்டாரையே முழுதாக மாற்றுவது வழக்கம்.

3. மிட் டிரைவ் வைத்திருப்பவர்கள் செயினைக் கவனியுங்கள். உங்கள் கால் பலத்தோடு மோட்டாரின் பலமும் அந்தச் செயின் வழியாகத்தான் போகிறது. அதனால் சாதாரண சைக்கிளைவிட வேகமாகத் தேயும். செயின் தேய்மானம் பார்க்கும் சின்ன அளவுகோல் சில டாலருக்குக் கிடைக்கும்; வாங்கி வையுங்கள். 11, 12 கியர் செயின் என்றால் 0.5 சதவீதத்திலும் மற்றவை 0.75 சதவீதத்திலும் மாற்றிவிடலாம். தள்ளிப்போட்டால் பின்னால் இருக்கும் பற்சக்கரத் தொகுதியும் சேர்ந்து போகும். செலவு பல மடங்கு. கியர் மாற்றும் நொடியில் மிதிப்பதைக் கொஞ்சம் தளர்த்தினாலே செயினின் ஆயுள் கூடும்.

4. பின்சக்கர ஹப் மோட்டார் என்றால் ஸ்போக்குகளைப் பாருங்கள், முக்கியமாகப் புதிதாக வாங்கிய முதல் சில வாரங்களில். இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்துங்கள். ஒரு ஜோடி மட்டும் தொளதொளவென்று இருந்தால் கடையில் கொடுத்து முறுக்கி, சக்கரத்தின் கோட்டத்தையும் எடுத்துவிடுங்கள். அச்சின் இரண்டு நட்டுகளும் இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் அச்சே சுழன்று மோட்டார் வயரை அறுத்துவிடும். அந்த வயர் அச்சுக்குக் கீழே கொஞ்சம் தொங்கி வளைந்து மேலே ஏறுகிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் மழைத்தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் இறங்காது.

5. மோட்டார் உதவுவது திடீரென்று நின்றால் "மோட்டார் போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாஷ் திரையில் 503 என்றோ, பாஃபாங் திரையில் 21 என்றோ வந்தால் அது வேக சென்சாரின் புகார். பல வண்டிகளில் பின்சக்கர ஸ்போக்கில் ஒரு சின்னக் காந்தம் மாட்டியிருக்கும். அது நகர்ந்திருந்தால் சென்சாருக்கு நேராகத் தள்ளி இறுக்குங்கள். பிறகு வயர் இணைப்புகளைப் பாருங்கள். இணைப்பின் இரு பக்கமும் அம்புக்குறி இருந்தால் அவை நேருக்கு நேர் வரும்படி வைத்து அழுத்த வேண்டும். திருகினால் உள்ளே ஊசிகள் வளைந்துவிடும்.

6. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். மழையைத் தாங்கும் வண்டி பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்காது. நியூ ஜெர்சியில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு செயினையும் நட்டுகளையும் அரித்துவிடும். ஓட்டி வந்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

7. டெக்சஸ் வெயிலில் கராஜிலோ கார் டிக்கியிலோ பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். நியூ ஜெர்சிக் குளிரில், உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்கு சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்திருங்கள். பே ஏரியாக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் அங்கே மலைச் சரிவு பிரேக்கைத் தின்னும்.

8. பெரும்பாலான இ-பைக்குகள் 20 கிலோவுக்கு மேல் எடை உள்ளவை. பின்னால் குழந்தையும் உட்கார்ந்திருக்கலாம். சர்வீஸுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் பிரேக் பேடுக்குச் செலவிடுங்கள். மோட்டார் நின்றால் மிதித்தாவது வீடு வந்து சேரலாம். பிரேக் அப்படி இல்லை.

9. கரகரவென்று அரைக்கும் சத்தம், மோட்டார் சுற்றியும் சக்கரம் சுற்றாமை, கருகிய வாடை, வெள்ளத்தில் மூழ்கியது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கடைக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி முழு வண்டியையும் வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். ஆன்லைனில் வாங்கிய பிராண்டுகளைப் பல கடைகள் தொடுவதில்லை. வாங்குவதற்கு முன்பே பக்கத்துக் கடைக்கு போன் செய்து, "இதைப் பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

10. பேட்டரியைத் திறந்து செல் மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். நியூயார்க் நகரில் 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். வாங்கும்போது யுஎல் 2849 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். தூங்கும்போது சார்ஜ் ஏற்ற வேண்டாம். வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் பேட்டரியை வைக்கவே வேண்டாம். தீப்பிடித்தால் வீட்டிலிருப்பவர்கள் வெளியே வர அந்த வழிதான் இருக்கும்.