யூரியா மூட்டையின் விலையும் மண்ணின் தேவையும்

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் பயிருக்கு இன்றியமையாத பேரூட்டங்கள் என்பது உழவர் பெருமக்கள் நன்கு அறிந்ததே. ஆனால் எந்தச் சத்தை எவ்வளவு இடுவது என்பதை இன்று மண்ணை விட மூட்டையின் விலையே முடிவு செய்து வருகிறது. மேலுரக் காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் முன் யூரியாவுக்கு வரிசை நிற்கும். பொட்டாஷ் மூட்டைகள் உள்ளே அடுக்கியபடியே கிடக்கும். இந்த நிலைக்கு உழவரைக் குறை கூறிப் பயனில்லை. மத்திய அரசின் உர மானியம் செலவிடப்படும் விதமே இதற்கு முதற்காரணம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2018இல் 45 கிலோவாக மாற்றப்பட்ட யூரியா மூட்டையின் விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் சேர்த்து 266 ரூபாய் 50 காசு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து இருப்பதால் ஒரு மூட்டையில் 20.7 கிலோ கிடைக்கிறது. அதாவது கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்கும் குறைவு. 50 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷ் மூட்டையில் 30 கிலோ சாம்பல்சத்து உண்டு. 2022இல் அந்த மூட்டை 1,700 ரூபாய்க்கு விற்றபோது கிலோ சாம்பல்சத்து 56 ரூபாயைத் தாண்டியது. கையில் ஆயிரம் ரூபாயுடன் கடைக்குச் செல்பவர் எதை வாங்குவார் என்று சொல்லத் தேவையில்லை.

மானியம் வந்த வழி

1977ஆம் ஆண்டு தழைச்சத்து உரங்களுக்கு நிறுத்து விலைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. ஆலையின் உற்பத்திச் செலவையும், அதன் நிகர மதிப்பின் மீது 12 சதவீத ஆதாயத்தையும் அரசு ஏற்றுக்கொண்டது. உழவர் குறைந்த விலை கொடுப்பார். மீதியை அரசு ஆலைக்குக் கொடுத்துவிடும். புதிய குட்டை ரக நெல்லும் கோதுமையும் பரவிய அந்த நாளில் இது பெரிதும் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. உள்நாட்டில் ஆலைகள் பெருகின. உரம் கிராமத்தை எட்டியது. ஆனால் செலவு கூடிய ஆலைக்குக் கூடுதல் மானியம் என்றிருந்ததால், சிக்கனமாக நடத்த வேண்டிய கட்டாயம் ஆலைக்கு இல்லாமற் போயிற்று.

1991இல் நாட்டின் நிதி நிலை நெருக்கடியில் இருந்தபோது உர விலையை 40 சதவீதம் உயர்த்த வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக்குப் பின் அது 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியாவின் கட்டுப்பாடு மட்டும் நீடித்தது. அதன் விலை 10 சதவீதம் குறைக்கவும்பட்டது. ஒரே ஆண்டில் இந்திய நிலங்களில் இட்ட மூன்று சத்துக்களின் விகிதம் 5.9:2.4:1 என்பதிலிருந்து 9.5:3.2:1 ஆகச் சாய்ந்துவிட்டது. பொதுவாக நாடு முழுவதற்கும் ஏற்றதாகச் சொல்லப்படும் அளவு 4:2:1. (இது ஒரு தோராய அளவுகோலே, அவரவர் வயலுக்கு மண் பரிசோதனையே சரியான அளவு.)

அந்தச் சாய்வு மெல்ல மெல்லச் சீரடைந்து 2009-10இல் 4.3:2:1 என்ற நிலைக்கு வந்தது. 2010 ஏப்ரலில் சத்தின் எடைக்கு இவ்வளவு என்று மானியத்தை நிர்ணயிக்கும் திட்டம் தொடங்கியது. திட்டம் நல்லதே. ஆனால் இம்முறையும் யூரியாவைச் சேர்க்கவில்லை. உலகச் சந்தை விலை ஏறியதும், ரூபாயின் மதிப்பு இறங்கியதும் சேர்ந்துகொள்ள, பொட்டாஷ் விலை மூன்று ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது. 2012-13இல் விகிதம் மீண்டும் 8.2:3.2:1 ஆயிற்று. இரண்டு முறையும் சீர்திருத்தம் பாதி வழியில் நின்றது. அதன் விலையை மண் கொடுத்தது.

2022-23இல் மத்திய அரசின் உர மானியச் செலவு சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகை யாருக்குப் போய்ச் சேருகிறது? மூட்டைக்கு மூட்டை மானியம் என்பதால், அதிக மூட்டை வாங்குபவருக்கே அதிகப் பங்கு. பாசன வசதியுடன் பத்து ஏக்கர் நெல் பயிரிடுபவருக்கு நிறையவும், மானாவாரியில் இரண்டு ஏக்கர் நிலக்கடலை போடுபவருக்கு மிகச் சொற்பமாகவும் கிடைக்கிறது.

அப்படியானால் மூட்டை மானியத்தை நிறுத்தி, ஏக்கருக்கு இவ்வளவு என்று பணமாகவே கொடுத்துவிடலாம் என்பது ஒரு யோசனை. உழவர் தம் மண்ணுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வார் என்ற வகையில் இது சரியே. ஆனால் பட்டா யார் பெயரில் உள்ளதோ அவர் கணக்கில்தான் பணம் ஏறும். வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவருக்கு இன்று கிடைக்கும் ஒரே அரசு உதவி மலிவான மூட்டைதான் என்ற ஊர்கள் பல உண்டு. அவரைப் பதிவு செய்ய வழி காணாமல் மூட்டையின் விலையை ஏற்றினால் அடி முழுவதும் அவர்மீதே விழும். குத்தகைப் பதிவு முதலிலும், விலை மாற்றம் சில ஆண்டுகளில் படிப்படியாகவும் வருவதே முறை.

சிறிய திருத்தங்களும் பலன் தந்துள்ளன. ஒரு காலத்தில் யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற அளவில் கலந்து இரவு வைத்திருந்து மறுநாள் இடும்படி கூறப்பட்டது. 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் ஆலையிலேயே வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயமாயிற்று. சத்து மெதுவாகக் கரைவதோடு, பிளைவுட் பசைக்கு யூரியா கடத்தப்படுவதைத் தடுப்பதும் இதன் நோக்கம்.

இப்போது செய்ய வேண்டியது

அரசின் முடிவுக்குக் காத்திராமல் உழவர் தம் கணக்கைச் சரிசெய்து கொள்ளலாம். மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 150:50:50 கிலோ, ஏக்கருக்கு 60:20:20. இதற்கு 43 கிலோ டி.ஏ.பி., இரண்டரை மூட்டை யூரியா, 33 கிலோ பொட்டாஷ் போதும். நான்கு மூட்டை யூரியா இடுபவர் மலிவாக வாங்கியதாக நினைக்கிறார். பயிர் கரும்பச்சையாகி, இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் வந்து, கதிர் முற்றும்போது சாய்ந்த பிறகு மருந்துக் கடையில் கொடுக்கும் பணத்தையும் அந்த மூட்டைகளின் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற வைக்கோலைக் கட்டுக்கட்டி விற்றுவிடும் வயலில் ஆண்டுதோறும் இது குறைந்துகொண்டே போகும். அத்தகைய வயலில் பொட்டாஷைக் கைவிடவே கூடாது. முழுவதையும் அடியுரமாக இடாமல், ஒரு பகுதியைக் கதிர் உருவாகும் தருணத்தில் இடுவது மணி திரள உதவும்.

மண் மாதிரியைக் கோடை உழவுக்கு முன் எடுக்கலாம். வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, கலந்து, கால் பங்காகக் குறைத்துக் குறைத்து அரை கிலோவைத் துணிப்பையில் இட்டு, பெயர், சர்வே எண், அடுத்து வைக்கும் பயிர் ஆகியவற்றை எழுதி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். உர மூட்டைகள் அடுக்கி வைத்த பழைய சாக்கில் மண்ணை அனுப்பினால் முடிவு தவறிவிடும்.