தாத்தாவின் பட்டறை

என் தாத்தா மூவார் நகரில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டினார். 60 வயதில் பணி ஓய்வு பெற்றார். "இனியாவது நன்றாக ஓய்வெடுங்கள்" என்று எல்லாரும் வாழ்த்தினர். முதல் மாதம் மகிழ்ச்சியாகவே கழிந்தது. அதன்பின் அவர் பேச்சுக் குறைந்தது. விடியற்காலை 5 மணிக்கே எழுந்து, போவதற்கு இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். அவர் ஓய்வெடுக்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம்.

பாட்டிதான் ஒருநாள் சமூகக் கல்லூரியின் அறிவிப்பைக் கொண்டு வந்து காட்டினார். வயது வேறுபாடின்றி எல்லாரும் சேரக்கூடிய குறுகியகாலத் தச்சுப் பயிற்சி அது. "இந்த வயதில் நான் மாணவனா?" என்று தாத்தா தயங்கினார். பாட்டி விடவில்லை. பயிற்றுநர் தாத்தாவின் மகன் வயதுடையவர். ஆனாலும், தாத்தா அவரை 'ஆசிரியர்' என்றே மதிப்புடன் குறிப்பிடுவார்.

விரைவில் வீட்டின் பின்புறக் கொட்டகை பட்டறையாக மாறியது. இரம்பம், உளி, இழைப்புளி, மூலைமட்டம் எல்லாம் சுவரில் வரிசையாகத் தொங்கின. கண்ணாடியும் முகக்கவரியும் அணியாமல் தாத்தா மரத்தைத் தொடமாட்டார்.

அவர் முதலில் செய்தது நான்கு கால்களுடைய ஒரு சிறிய இருக்கை. அது ஒரு பக்கம் ஆடியது. ஆட்டத்தைப் போக்க ஒரு காலைச் சற்று வெட்டினார், மறுபக்கம் ஆடியது. இன்னொரு காலை வெட்டினார். இப்படியே வெட்டி வெட்டி இருக்கை குட்டையானதே தவிர, ஆட்டம் நிற்கவில்லை. அதைப் பார்த்துச் சிரித்த நான், "ஏன் தாத்தா இவ்வளவு சிரமம்? கடையில் பிளாஸ்டிக் இருக்கை மலிவாகக் கிடைக்குமே!" என்றேன்.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. கருவிகளைத் துடைத்து மாட்டினார். அடுத்த மூன்று நாள்கள் கொட்டகைக் கதவு திறக்கப்படவில்லை. மீண்டும் வாசலில் உட்காரத் தொடங்கினார்.

அன்றிரவு அம்மா என்னைத் தனியே அழைத்தார். "சில வாரங்களாகத் தாத்தா சாப்பாட்டு மேசையில் சிரித்துப் பேசினாரே, அதை நீ கவனித்தாயா?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நானும் கற்றுக்கொள்ளலாமா?" என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

பயிற்றுநரிடம் கேட்டறிந்த தவற்றைத் தாத்தா எனக்கு விளக்கினார். கால்களை ஒவ்வொன்றாக வெட்டக்கூடாது. இருக்கையைச் சமமான தளத்தில் நிறுத்தி, நான்கு கால்களிலும் தளத்திலிருந்து ஒரே உயரத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் வெட்ட வேண்டும். மரத்தின் இழை ஓடும் திசையிலேயே இழைக்க வேண்டும். எதிர்த் திசையில் இழைத்தால் மரம் பிய்ந்து சொரசொரப்பாகிவிடும். உளியைத் தீட்டும் வேலை மட்டும் அவருக்கு எளிதாக வந்தது. தோட்டப்புறத்தில் வளர்ந்தபோது, தம் தாயாரின் பால்வெட்டும் கத்தியைத் தீட்டிய கைகள் அல்லவா!

எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு இப்போது 84 வயது. நாற்காலியில் அமர்ந்தால் அவர் கால்கள் தரையைத் தொடா. அவருக்காகவே ஒரு கால்பலகை செய்யத் தாத்தா முடிவு செய்தார். மூவார் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து மிச்சத் துண்டுகளை வாங்கி வந்தார். அவை வெளிறிய நிறமுடைய இரப்பர் மரத்துண்டுகள்.

இரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை வளர்ந்த பின் பால் குறைந்துவிடும். பின்னர் அதை வெட்டிவிட்டுப் புதிய கன்றுகளை நடுவார்கள். முற்காலத்தில் வெட்டிய மரம் பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. பூஞ்சையும் பூச்சியும் விரைவில் அரித்துவிடுவதால், அது வேறெதற்கும் உதவாது என்று கருதினர். பின்னர், மரத்தை அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலை அதனுள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவியது. இன்று மலேசியாவின் தளவாட ஏற்றுமதியில் இரப்பர் மரத்துக்குச் சிறப்பான இடம் உண்டு.

இரண்டு வாரங்களில் கால்பலகை தயாரானது. கடைசியாக மணல் தாளால் தேய்த்து மெருகேற்றியது நான்தான். கொள்ளுப்பாட்டி அதன்மேல் கால்களை வைத்தார். அது சிறிதும் ஆடவில்லை. பின்பு குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தார்.

"என்ன மரம் இது?"

"பால்மரம் அம்மா. நீங்கள் பால் வெட்டிய அதே வகை மரம்."

கொள்ளுப்பாட்டி நம்பவில்லை. "நாங்கள் அடுப்பெரித்த மரமா இது? இவ்வளவு அழகு இதற்குள்ளேயா இருந்தது?" என்று மீண்டும் மீண்டும் தடவினார்.

தாத்தா பதில் சொல்லவில்லை. ஆனால், மறுநாள் விடியற்காலை 5 மணிக்குக் கொட்டகையில் விளக்கு எரிந்தது.

சிந்தித்து விடையளி

1. தாத்தா ஓய்வெடுக்கிறார் என்று குடும்பத்தினர் நினைத்தது சரியா? காரணம் கூறு.
2. முதல் இருக்கை ஏன் தொடர்ந்து ஆடியது? அதைச் சரிசெய்யும் முறை யாது?
3. இரப்பர் மரத்துக்கும் தாத்தாவின் வாழ்க்கைக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
4. உன் குடும்பத்து முதியவர் ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்க விரும்பினால், நீ எவ்வாறு துணைபுரிவாய்?