வேடரிடை வளர்ந்த சிறுவன்

சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்துள் மெய்கண்ட தேவநாயனார் ஓர் உவமையை உள்ளுறுத்து வைத்தருளினார். மன்னவன் மகன் ஒருவன் குழவிப் பருவத்தே வேடர் கைப்பட்டு, அவரிடை வளர்ந்து, தன்னையும் வேடனென்றே எண்ணியிருப்ப, தந்தை வந்து உண்மையை உணர்த்தலும், அவரை நீங்கித் தந்தையை அடைந்தாற்போல, ஐம்புலன்களிடை அயர்ந்த உயிரும் குருவுணர்த்த உணர்ந்து திருவடி சேரும் என்பது அதன் கருத்து. இதனைப் பெத்த முத்தி நிலைகளிற் பொருத்தி ஆராய்தல் சித்தாந்த நூல் பயில்வார்க்குப் புதிதன்று. ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது உவமேயத்தை அன்று, உவமானத்தையே. 13 முதல் 18 ஆண்டளவினரான ஆண்மக்கள், பெற்றோரை இழந்தும், வறுமையால் இல்லந் துறந்தும், தீய கூட்டுறவிற் சிக்கி மீண்டும், பாடசாலைகளையும் மடங்களையும் வந்தடைதலுண்டு. அவரை ஆடவராக வளர்த்தெடுக்கும் கடன் பூண்டார்க்கு இவ்வுவமை கூறுவது யாது?

சூத்திரத்தின் முறைவைப்பை நோக்குக. முதலில் உணர்த்துதல், அதன் பின்னரே வேடரை விடுதல், அதன் பின்னர்த் தந்தையை அடைதல். மன்னவன் மகனிடத்து, "வேடரை விட்டு வா, பிறகு நீ யாரென்று சொல்வேன்" என்றானல்லன். நம்மவரோ பெரும்பாலும் இம்முறையைத் தலைகீழாக்குகின்றனர். சிறுவன் ஒருவன் வந்தவுடனே, இன்னாரோடு கூடாதே, இவ்விடம் போகாதே என விலக்குக்களை அடுக்குகின்றனர். அவன் எவருக்கு உரியன், அவன்பால் இருப்பது யாது என்பதனை ஒருவருங் கூறுவதில்லை. ஒரு பிழை கண்டவழிப் பதிவேட்டினின்றும் அவன் பெயரைக் களைந்துவிடுகின்றனர். அங்ஙனங் களையப்பட்டவன் மீண்டு போமிடம் வேடர் சேரியன்றிப் பிறிதில்லை.

அற்றேல், சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பாகலின், தீயாரைச் சார்ந்திருக்குந்துணையும் நல்லுரை செவியேறாது. ஆதலின் விலக்குதலே முற்பட வேண்டும் எனின், அற்றன்று. உயிர் யாதானுமொன்றைச் சார்ந்தல்லது நில்லாது என்பதும் அவ்வியல்பிலேயே அடங்கியதாம். ஒரு சார்பைப் பறித்து வேறொரு சார்பை நல்காதவழி, அவன் பழைய சார்பையே முன்னினும் இறுகப் பற்றுவான். பளிங்கினருகே வைத்த செம்மலரை அகற்றியவளவில் பளிங்கு வெண்மலரின் நிறம் பெறுவதில்லை. வெண்மலரைக் கொணர்ந்து வைத்தல் வேண்டும்.

இனி, பதினோராஞ் சூத்திரத்துக் கூறப்படும் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்னும் இரண்டனையும் ஈண்டு நினைத்தல் தகும். கண்ணுக்குப் பொருளைக் காட்டுவதாகிய உயிர், காட்டுதலோடமையாது தானும் உடன்நின்று காண்கின்றது. இறைவன் உயிர்க்குச் செய்யும் உதவியும் அத்தன்மைத்தே. நன்னெறி இதுவெனச் சுட்டிக்காட்டுவார் எண்ணிலர். சிறுவன் காண்பதனைத் தாமும் உடனிருந்து காண்பார், அவன் அஞ்சுவதனை அறிவார், அவனோடு பூந்தோட்டத்தில் நீரிறைப்பார் அரியர். உடல் வலி பெருகும் அப்பருவத்தில் கைத்தொழிலின்றி நூலுரை மாத்திரம் புகட்டுதல் பயன்படாது என்பது எம் துணிபு. சரியை முதற்படியாக வைக்கப்பட்டதன் பொருத்தத்தை இவ்விடத்தும் உணர்க.

இதற்குத் திலகவதியாரினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு யாம் அறியேம். திருவாமூரிற் புகழனாரும் மாதினியாரும் இறந்தனர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாய்ந்தார். அப்போது அம்மையார் உயிர்விடத் துணிய, தம்பியார் மருணீக்கியார் தாம் முன்னம் இறப்பதாகக் கூறி அடிவீழ்ந்தார். அச்சிறுவர்பொருட்டே அம்மையார் உயிர் தாங்கினார். அங்ஙனம் வளர்க்கப்பட்டவர் பருவம் எய்தியபின் பாடலிபுத்திரஞ் சென்று சமணஞ் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றார். வளர்த்தார் உள்ளம் எத்தன்மைத்தாயிருக்கும்! அம்மையார் திருவதிகை சேர்ந்து, திருவலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து, தம்பியை மீட்டருள வேண்டுமென இறைவனை வேண்டிக்கொண்டிருந்தார். சூலையுற்ற தம்பி ஆள் விடுத்து அழைத்தபோது, அவரிருந்த இடத்துக்குத் தாம் வர ஒருப்பட்டிலர். தம்மிடத்து வந்தவரைத் தள்ளினாருமல்லர். நெறியை விடாமையும் அன்பை விடாமையும் ஒருங்கே நின்றமை காண்க. இரவிலே வந்து அடிவீழ்ந்தவரை நோக்கி, வீழ்ந்தமையை ஒரு சொல்லளவிற் குறித்து, அவ்வுரையிலேயே எழுக என்றார். தம்பியேயாயினும் அவரைப் பன்மை மதிப்பால் விளித்ததாகச் சேக்கிழார் பெருமான் அமைத்தமை ஊன்றி நோக்கத்தக்கது. பின்பு திருநீறளித்து, விடியுமுன் தாம் அலகிடச் செல்லுங் கோயிலுக்குள் உடனழைத்துப் புகுந்தார். மீண்டு வந்தானை முதலில் விசாரணைக்கு நிறுத்தும் வழக்கமுடையார் இதனைச் சிந்திப்பாராக.

வேறொன்றும் கூறாது விடுதற்கில்லை. ஆதரவற்ற சிறுவனைத் தம் காவலிற் கொண்டாரே அவனுக்கு வேடராதலும் உலகில் உண்டு. குருவாக்கியத்தை மறாமை என்னும் உயர்ந்த அறம், அத்தகையோர் அவன் வாயைப் பூட்டுங் கருவியாகப் பயன்படலாகாது. பணிவு சிவாசாரத்தின்பாற்பட்டது, பழி மறைத்தல் அதன்பாற்பட்டதன்று. பாலியற் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்க இந்தியாவில் 2012-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் 18 ஆண்டு நிரம்பாத ஆண்மக்களையும் உட்கொண்டது. குற்றம் அறிந்தார் அதனை அறிவித்தல் வேண்டும் எனவும் விதித்துள்ளது. நிறுவனத்தின் நற்பெயர் கருதி அமைதல் சிறுவனை இருமுறை கைவிடுதலாம். மாணவர் தங்கும் இடங்களில் ஒருவரே தனித்து ஆளும் அதிகாரம் இன்றிப் பலர் பார்வை நிலவுதலும், சிறுவன் அச்சமின்றிச் சென்று சொல்லத்தக்க முதியோர் ஒருவர் வெளியே இருத்தலும் இன்றியமையாதன.

மடங்கள் இப்பணியை நன்கு ஆற்றிய வரலாறும் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை 1871-ஆம் ஆண்டு வந்தடைந்தபோது உ. வே. சாமிநாதையர் தம் 17-ஆம் பிராயத்தினர், வறுமையுடைய குடும்பத்தவர். 1876-ஆம் ஆண்டு பிள்ளையவர்கள் மறைய, திருவாவடுதுறை ஆதீனத்து மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் அவரைக் கைவிடாது மடத்திலேயே இருத்தி, தாம் பாடஞ் சொல்லியும், இளைய மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும் பொறுப்பை அவர்பால் ஒப்புவித்தும் ஆதரித்தார். கற்றவனைக் கற்பிப்பவனாக்குதல் ஆடவனாக்கும் வழிகளுள் தலையாயது. 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தம் இடத்துக்கு அவரை வேண்டித் தியாகராச செட்டியார் வந்தபோது, பிரிய மனமின்றியும், தேசிகர் அவருக்கு விடைகொடுத்தனுப்பினார்.