மாலத்தீவு எட்டாக்கனியா?

கேள்வி: தை மாதம் எனக்குக் கல்யாணம். தேனிலவுக்கு மாலத்தீவு போக ஆசை. ரிசார்ட் வாடகையைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. வேறு வழி உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் வாழ்த்துகள்! தாராளமாகப் போகலாம். ரிசார்ட்டை மறந்துவிட்டு, ஊர் மக்கள் வாழும் மாஃபுஷி போன்ற தீவில் விருந்தினர் இல்லத்தில் தங்குங்கள். அதே நீலக் கடல்தான், வாடகை பல மடங்கு குறைவு. தலைநகர் மாலேயிலிருந்து விரைவுப் படகில் அரை மணிக்குச் சற்றுக் கூடும். அரசுப் படகு ஒன்றரை மணி நேரம் எடுக்கும். கட்டணமோ மிகச் சொற்பம். வெள்ளி அங்கே விடுமுறை என்பதால் படகு நேரத்தை முன்பே விசாரியுங்கள்.

இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா இலவசம், இறங்கியதும் கிடைக்கும். சிறிய விடுதிகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் பசுமை வரி உண்டு. விடுதிக் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஊர்த் தீவுகளில் மதுவுக்குத் தடை. நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்ற இடங்களில் அடக்கமான உடை வேண்டும்.

ரிசார்ட் ஆசை தீரவில்லையா? ஒரே ஒரு நாள் 'டே பாஸ்' எடுத்துப் போய் வாருங்கள். கடன் வாங்கி மட்டும் தேனிலவு வேண்டாம், அம்மா.