விடுதலையும் கறையும்



"1,76,000 கோடி" என்றால் அலைக்கற்றை என்று நொடியில் விடை வரும். "தீர்ப்பு யாது?" என்று துவாரகாவில் நம்மோடு பயில்வோரைக் கேட்டேன், பலர் விழித்தனர். தீர்ப்பு வழங்கிய பாட்டியாலா மாளிகை மன்றமோ இதே தில்லியில்தான் உள்ளது!

2008 சனவரியில், அமைச்சர் ஆ. இராசா காலத்தில், 2001ஆம் ஆண்டின் கட்டணத்திற்கே, அதாவது நாடு முழுமைக்கும் 1,658 கோடிக்கு, உரிமங்கள் ஒதுக்கப்பட்டன. ஏலம் விட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைத் தணிக்கைத் தலைவர் 2010இல் பலவாறு மதிப்பிட்டார். அவற்றுள் சிறியது 57,666 கோடி. பெரியது 1,76,645 கோடி. குற்றப்பத்திரிகை சொன்ன இழப்போ ஏறத்தாழ 30,984 கோடி. நாடு நினைவில் வைத்தது பெரியதைத்தான்.

2011 பிப்ரவரி 2இல் இராசாவும், துறையின் முன்னாள் செயலாளர் சித்தார்த்த பெகுராவும் கைதாயினர். பெகுரா அப்பதவியில் அமர்ந்தது 2008 சனவரி 1. ஒதுக்கீட்டுக் கடிதங்கள் வெளிவந்தது சனவரி 10. இராசா 15 திங்கள் சிறையிலிருந்தார். 2017 திசம்பர் 21இல் நடுவர் ஓ. பி. சைனி அனைவரையும் விடுவித்தார்.

நிற்க. 1,500 பக்கங்களைத் தாண்டும் அத்தீர்ப்பில் மாணவர் கற்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. கோப்புகளை அரைகுறையாகவும், இடம் பொருள் பாராமலும் படித்ததன் மேல் எழுந்தது இவ்வழக்கு என்கிறார் நடுவர். அதிகாரிகளையும் அவர் விடவில்லை. விளங்காத சொற்களில் விதிகள். படிக்கவொண்ணாக் கையெழுத்தில், தாளின் ஓரத்தில் குறிப்புகள்! ஐயம் முளைத்ததற்கு இதுவும் காரணமாம். ஏழாண்டுகள், கோடை விடுமுறையிலும், ஏற்கத்தக்க சான்றோடு எவரேனும் வருவாரெனக் காத்திருந்ததாகவும் எழுதியுள்ளார்.

அப்படியாயின் ஒதுக்கீடு மாசற்றதா? அன்று. 2012 பிப்ரவரி 2இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் நீக்கியது. முறை தவறிய நிருவாகம் வேறு. மெய்ப்பிக்கப்பட்ட குற்றம் வேறு. இவ்விரண்டையும் நாம் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம்.

இராசா 2014இல் நீலகிரியில் தோற்றார். 2019இலும் 2024இலும் வென்றார். அரசியலார்க்கு மக்கள் மன்றம் இருக்கிறது. பெகுராவைப் போன்ற அதிகாரி எந்த மன்றத்தில் போய் நிற்பார்? விடுதலைச் செய்தியில்கூட அவர் பெயர் ஓர் ஓரத்திலேதான் வந்தது. 2024 மார்ச்சு 22இல் தில்லி உயர்நீதிமன்றம் சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டுக்கு இசைவு தந்தபோது, கட்டிவைத்த கோப்பு அவருக்கும் மீண்டும் திறந்தது.