அடுப்பை அணைத்த பிறகு

வீட்டில் பீர் காய்ச்சும் நண்பர்கள் அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்கும்போது, அவர்கள் மனதில் பெரும்பாலும் ஒரு பெரிய எஃகு அண்டாவோ பம்பு பொருத்திய மின்சாரக் கொதிகலனோ இருக்கும். முதலில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். பீருக்கு வரும் கேடுகளில் பெரும்பகுதி அடுப்பை அணைத்த பிறகே வருகிறது. ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கும் வோர்ட்டில், அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றில், பீரைக் கெடுக்கக்கூடிய கிருமி எதுவும் மிஞ்சாது. அது ஆறியது முதல் பாட்டிலை மூடும் வரையிலான வாரங்களில் சூடு, அழுக்கு, காற்று மூன்றும் உள்ளே வர வழி தேடிக்கொண்டே இருக்கும். கருவிக்கான பணமும் கவனமும் அந்த வாரங்களுக்குப் போகவேண்டும்.

நான் இருப்பது மெல்பர்னில். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்காக, விற்காமல் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. சாராயம் வடிக்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்சுவதே குற்றம் என்பதை அங்கிருந்து படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பலரும் ஆரம்பிப்பது 1.7 கிலோ மால்ட் சாறு அடைத்த டப்பாவில்தான். தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்தால் 23 லிட்டர் பீர் ஆகும். அந்த டப்பாவை இளக்காரமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. அதே சாற்றை 18 டிகிரியில் நொதிக்கவிட்டால் கிடைப்பது ஒன்று, ஜனவரி மாதத்து கராஜில் விட்டால் கிடைப்பது முற்றிலும் வேறு ஒன்று.

மெல்பர்ன் கோடையில் பகலில் 40 டிகிரி அடிக்கும். மாலையில் தெற்குக் காற்று திரும்பியதும் சட்டென்று 20க்கு இறங்கிவிடும். அந்தச் சூடும் இந்தத் திடீர் இறக்கமும் ஈஸ்டுக்கு ஆகாது. போதாக்குறைக்கு நொதித்தலே சூட்டைக் கிளப்பும். வேகமாகப் பொங்கும் நாட்களில் ஃபெர்மென்டர் எனும் நொதிகலனுக்குள் இருக்கும் பீர், அறையைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாகச் சூடாக இருக்கும். அப்படிச் சூட்டில் ஓடும் ஈஸ்ட், தொண்டையைக் காந்தும் கன ஆல்கஹால்களையும் வேண்டாத பழவாசனையையும் விட்டுவிட்டுப் போகும். அதைப் பிறகு எதனாலும் எடுக்க முடியாது. முதல் மூன்று நாட்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. அந்த மூன்று நாளும் 18 டிகிரியில் பிடித்து வைத்து, பொங்கல் அடங்கியதும் 20 வரை ஏறவிட்டால், சாதாரண அமெரிக்க ஏல் ஈஸ்டே சுத்தமான பீரைத் தரும்.

இதற்கு வேண்டியது ஃபெர்மென்டர் உள்ளே போகும் அளவுக்கு ஒரு ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜையும் சிறு ஹீட்டரையும் மாற்றி மாற்றி இயக்கும் ஒரு கன்ட்ரோலர், அவ்வளவுதான். சென்சாரைப் பொருத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதை ஃப்ரிட்ஜுக்குள் அந்தரத்தில் தொங்கவிட்டால் அது காற்றின் சூட்டைத்தான் அளக்கும். நமக்குத் தெரியவேண்டியது பீரின் சூடு. ஃபெர்மென்டரின் பக்கச் சுவரில், பீர் மட்டத்தின் நடுவாக்கில் சென்சாரை ஒட்டி, அதன்மேல் நாலாக மடித்த பபுள் ரேப்பை வைத்து டேப்பால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். வெளிக்காற்று அதைத் தொடக்கூடாது. இப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் பீரின் உண்மையான வெப்பநிலைக்கு மிக அருகில் காட்டும்.

ஃப்ரிட்ஜுக்கு இடமே இல்லாதவர்களுக்கு நார்வே நாட்டுப் பண்ணைகளில் வழிவழியாக வந்த க்வைக் ஈஸ்ட் ஒரு நல்ல துணை. அதில் வோஸ் வகை 35 டிகிரிக்கு மேலும் முகம் சுளிக்காமல் வேலை செய்யும். லேசான ஆரஞ்சு வாசனை வரும். கோடையில் அதை வைத்துக் காய்ச்சுவது எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது சுத்தம். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு ஒட்டியிருக்கும் பரப்பில் எந்தக் கிருமிநீக்கியும் வேலை செய்யாது. கழுவ சோடியம் பெர்கார்பனேட்டைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊறவைத்தால் போதும். கரடுமுரடான நாரால் தேய்த்துப் பிளாஸ்டிக்கில் கீறல் விழச் செய்யாதீர்கள், அந்தக் கீறலில்தான் கிருமி குடியேறும். பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த, அலசத் தேவையில்லாத கிருமிநீக்கி. லிட்டருக்கு ஒன்றரை மில்லி, ஓரிரு நிமிடம் படவேண்டும். நுரை மிஞ்சியிருந்தால் பயப்படவேண்டாம், அதன்மேலேயே வோர்ட்டை ஊற்றலாம். பிளீச்சை மட்டும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பலர் பார்க்காமல் விடும் இடம் ஃபெர்மென்டரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய். வெளியிலிருந்து பளிச்சென்று இருக்கும். பீர் ஒவ்வொரு முறையும் புளித்துப்போகிறது என்று ஒரு நண்பர் வருந்தியபோது, நான் அந்தக் குழாயைத்தான் கேட்டு வாங்கினேன். சூடான தண்ணீரில் சில நிமிடம் போட்டு, பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளிருக்கும் உருளை டக்கென்று கழன்று வரும். அதன்மேல் தேன்நிறத்தில் ஒரு வழவழப்பான படலம், கூடவே பழைய ஹாப்ஸ் துணுக்குகள். அத்தனை பீரும் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் குழாயைப் பிரித்துக் கழுவுங்கள். வருடத்துக்கொரு முறை புதிதாக மாற்றிவிடுவது இன்னும் நல்லது. அதன் விலை ஒரு பாட்டில் பீரைவிடக் குறைவு.

தண்ணீரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், ஆனால் ஆரம்பத்தில் தெரியவேண்டியது கொஞ்சம்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், மால்ட்டில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்தால் மருந்துக்கட்டு நாற்றம் வரும். மிக நுண்ணிய அளவே போதும், நாக்கு கண்டுபிடித்துவிடும். 30 லிட்டர் தண்ணீருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. இவ்வளவு மலிவான திருத்தம் இந்தக் கலையில் வேறு எதுவும் இல்லை. மெல்பர்ன் தண்ணீர் பெரும்பாலும் மலைக்காட்டு நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது; மிக மென்மையானது, பில்ஸ்னர் பிறந்த பில்சன் நகரத்துத் தண்ணீரைப் போல. வெளிர் லாகருக்கு அப்படியே பொருந்தும். ஹாப்ஸ் தூக்கலான பேல் ஏல் காய்ச்சினால் மட்டும் கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறேன். 10 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் லிட்டருக்கு 23 மில்லிகிராம் கால்சியமும் 56 மில்லிகிராம் சல்பேட்டும் கூடும். கசப்பு கூர்மையாகத் தெரியும். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து பீர் பேர்பெற்றதற்கு நிலத்தடி ஜிப்சம்தான் காரணம்.

தானியத்திலிருந்து காய்ச்சுபவர்களுக்கு அடுப்புப் பக்கம் நான் சொல்வது இவ்வளவே. ஒரு பெரிய அண்டாவும் ஒரு துணிப்பையும் போதும். பையில் மால்ட்டைப் போட்டு ஊறவைத்துத் தூக்கிவிடும் முறை ஆஸ்திரேலியாவில்தான் பரவலானது. 5 கிலோ மால்ட், 66 டிகிரி, ஒரு மணி நேரம். தெர்மாமீட்டரை மட்டும் நம்பிவிடாமல், உருகும் பனிக்கட்டியில் 0 காட்டுகிறதா, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று பாருங்கள். மூன்று டிகிரி தப்பாகக் காட்டினாலே மெலிந்த பீர் வேண்டிய இடத்தில் தடித்த பீர் வந்து நிற்கும்.

கொதித்த வோர்ட்டை ஆற்ற செம்புச் சுருள் நல்லதுதான், ஆனால் தண்ணீரைக் குடித்துத் தள்ளும். வறட்சியை அறிந்த இந்த நாட்டில் பலரும் கொதிசூட்டிலேயே வோர்ட்டைக் கெட்டியான பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக மூடிவைத்து மறுநாள் ஈஸ்ட் போடுகிறார்கள். நானும் அப்படித்தான். கேனில் சூடு நெடுநேரம் நிற்பதால் கடைசியில் போடும் ஹாப்ஸும் கசப்பை இறக்கும். அதற்கேற்ப அளவைக் குறைக்கவேண்டும். கேனை வாரக்கணக்கில் அலமாரியில் வைக்கும் பழக்கத்தை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஈஸ்ட் படாத வோர்ட்டில் ஆல்கஹால் கிடையாது, புளிப்பும் போதாது, உள்ளே ஆக்சிஜனும் இல்லை. கொதிசூட்டையும் தாங்கும் போட்யூலிசக் கிருமியின் வித்துகளுக்கு வேண்டிய சூழல் அதுதான்.

நொதித்து முடிந்ததா என்பதை ஃபெர்மென்டர் மூடியிலுள்ள ஏர்லாக்கில் வரும் குமிழியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்டவேண்டும். 1.048இல் தொடங்கி 1.010இல் நின்றால் ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதம். அதற்குப் பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. ஒரே பீரை இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் எடுங்கள். ஒன்றை மூடி 60 டிகிரி தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து, பிறகு ஆறவிட்டு இரண்டையும் மோந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் பாப்கார்ன் வாசனை வந்தால், அந்த வாசனைக்குக் காரணமான டைஅசிட்டைலின் மூலப்பொருள் பீரில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். குளிரூட்டாமல் ஈஸ்டுக்கு இன்னும் இரண்டு நாள் கொடுங்கள், அதுவே தின்று தீர்த்துவிடும். இட்லி மாவு புளிக்கக் காத்திருக்கும் அதே பொறுமைதான்.

இனி காற்று. ஈஸ்ட் போடும் வேளையில் வோர்ட்டுக்கு ஆக்சிஜன் நல்லது. நொதித்த பிறகு அதுவே பகை. கேலக்ஸி போன்ற ஹாப்ஸை அள்ளிப்போட்ட பீர், காற்று பட்ட சில நாட்களிலேயே பழுப்பேறி வாசனை மங்கிப்போகும். பழைய குளிர்பானக் கம்பெனி கெக் ஒன்று, 19 லிட்டர் கொள்வது, இதற்காகவே வாங்கத் தகுந்தது. கெக்கை விளிம்புவரை கிருமிநீக்கித் தண்ணீரால் நிரப்பி, கார்பன் டையாக்சைடால் அதைத் தள்ளி வெளியேற்றினால் உள்ளே காற்று இருக்காது. பிறகு பீரை நீண்ட குழாய் இருக்கும் வாய் வழியாக அடியிலிருந்து ஏற்றி, மற்ற வாயிலிருந்து வரும் வாயுவை ஃபெர்மென்டரின் தலைக்கே திருப்பி விடுங்கள். இன்னொன்று: ஃபெர்மென்டரைக் குளிரூட்டும்போது உள்ளிருக்கும் வாயு சுருங்கி ஏர்லாக் வழியே வெளிக்காற்றை இழுக்கும். அதற்கு முன்பே ஏர்லாக்கை எடுத்துவிட்டு, கார்பன் டையாக்சைடு நிரப்பிய பலூனை மாட்டிவிடலாம்.

பாட்டிலில் அடைப்பவர்கள் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரைக்கு மேல் போகவேண்டாம். சர்க்கரையைக் கொதிக்கவைத்துக் கரைத்து மொத்தமாகக் கலப்பதுதான் சீராக வரும். நொதித்த பிறகு ஹாப்ஸ் போட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஹாப்ஸில் இருக்கும் நொதிகள் மிஞ்சிய மாவுச்சத்துத் துண்டுகளைச் சர்க்கரையாக்கி நொதித்தலை மறுபடி கிளப்பிவிடும். அவசரப்பட்டு அடைத்த கண்ணாடி பாட்டில்கள் வெடிக்கும், முகத்தில் தெறிக்கும். அதனால் ஹைட்ரோமீட்டர் எண் மறுபடியும் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். அடைக்கும் நாளில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் சேர்த்து நிரப்பி, மற்றவற்றோடு இருபது டிகிரி வாக்கில் வையுங்கள். தினமும் அதை விரலால் அழுத்திப் பாருங்கள். கடையில் வாங்கிய சோடா பாட்டிலைப் போல அது விறைத்தவுடன் கண்ணாடி பாட்டில்களை எல்லாம் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடலாம்.