குடும்பப் பதிவுகளைக் கணனியில் காப்போம்

இடம்பெயரும்போது வீட்டையும் வயலையும் மட்டும் நாம் இழப்பதில்லை. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், விதைநெல் கடன் கணக்கு என்பவையும் போய்விடுகின்றன. உறுதி இலக்கமாவது எங்காவது பதியப்பட்டிருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி கேட்பது இலகுவாகும். ஆகவே கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் உறுப்பினரின் விபரங்களைப் பதிந்து வைப்பது அவசியம். சாதாரண மேசைக் கணனி ஒன்று இருந்தால், அதற்கான மென்பொருளை நாமே நிறுவிக்கொள்ளலாம்.

தரவுத்தள சேவையகம் என்றால் என்ன?

சங்கக்கடைக் களஞ்சியத்தை எண்ணிப் பாருங்கள். யாரும் உள்ளே புகுந்து தாமே மூடையை எடுப்பதில்லை. பொறுப்பாளரிடம் கேட்கிறோம், அவர் எடுத்துத் தருகிறார், பதிவும் செய்கிறார். தரவுத்தள சேவையகம் கணனிக்குள் இருக்கும் அத்தகைய பொறுப்பாளர் ஆகும்.

இங்கு போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1986இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இவ்வேலை, 1996இல் இப்பெயரைப் பெற்றது. இது முற்றிலும் இலவசம். எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிய பின்னரே இது பதிவேட்டில் சேர்க்கும். இடையில் மின்சாரம் நின்றாலும், மறுபடி இயங்கும்போது அக்குறிப்பைப் படித்துப் பதிவைச் சீர்செய்துகொள்ளும்.

நிறுவும் முறை (விண்டோஸ் கணனியில்)

1. நிறுவும் கோப்பைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் சொந்த இணையத்தளத்தின் வழியாக மட்டும் பெறுங்கள். நகரத்தில் இணைய வசதியுள்ள இடத்தில் பென் டிரைவில் ஏற்றி வரலாம். நிறுவுவதற்கு இணையம் தேவையில்லை.

2. கோப்பைத் திறந்ததும் நான்கு பகுதிகள் காட்டப்படும். சேவையகம், பிஜிஅட்மின், கட்டளைக் கருவிகள் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டாக் பில்டர்' வேண்டாம்.

3. தரவு வைக்கும் இடத்தை மாற்ற வேண்டாம்.

4. 'போஸ்ட்கிரெஸ்' என்ற தலைமைப் பயனாளருக்குக் கடவுச்சொல் கேட்கப்படும். இதை ஒருவர் மட்டும் அறிந்திருந்தால், அவர் ஊர் மாறும்போது எல்லோரும் தவிப்போம். நம்பிக்கையான இருவர் அறிந்திருக்கட்டும்.

5. வாயில் எண் 5432 என்று இருக்கும். அப்படியே விடுங்கள்.

6. முடிந்ததும் பிஜிஅட்மினைத் திறந்து, புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்குங்கள். எழுத்துமுறை 'யுடிஎவ்8' என்று உள்ளதா எனப் பாருங்கள். அப்போதுதான் பெயர்களைத் தமிழில் பிழையின்றி எழுதலாம்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். காணி, கடன், விதை ஆகிய அட்டவணைகள் அந்த இலக்கத்தையே சுட்டட்டும். ஒரே பெயருடைய இருவரின் கணக்கு அப்போது கலந்துவிடாது.

மறக்கக்கூடாதவை

நிறுவியபடியே விட்டால், இச்சேவையகம் அதே கணனியிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டுமே ஏற்கும். அதை வெளியே திறந்துவிடாதீர்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெயரும் ஊரும் அடங்கிய பட்டியல் தவறான கைக்குப் போனால், அதனால் வரும் தீங்கு நம் வீடுகளுக்கே வரும். தேவையற்ற விபரத்தைக் கேட்கவும் வேண்டாம், பதியவும் வேண்டாம்.

மழை, திருட்டு, மறுபடியும் ஓர் இடப்பெயர்வு ஆகியவற்றுக்குக் கணனியும் தப்பாது. வாரம் ஒருமுறை பிஜிஅட்மினில் 'பாக்கப்' என்பதைத் தெரிந்து, பிரதியை இரண்டு பென் டிரைவ்களில் எடுங்கள். கடவுச்சொல்லிட்டுப் பூட்டி, இரண்டு வீடுகளில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அப்பிரதியை வேறொரு கணனியில் 'ரீஸ்டோர்' செய்து பாருங்கள். பார்த்தபின் அங்கிருந்து அழித்துவிடுங்கள். முளைக்குமா என்று பார்க்காத விதையை நம்பி நாம் வயலை உழுவதில்லை அல்லவா?

குடும்பத்துக்குரிய பக்கத்தை அச்சிட்டு அவரவர் கையிலும் கொடுங்கள். பதிவு அவர்களுடையது.

கலந்துரையாடுவோம்

- எந்த விபரங்களைப் பதிவது நமக்குப் பயன் தரும்? எவற்றைப் பதியாமல் விடுவது பாதுகாப்பு?
- கடவுச்சொல்லையும் பிரதிகளையும் யார் பொறுப்பில் விடலாம்?
- நாளையே இவ்விடத்தை விட்டுப் போக நேர்ந்தால், நம் பதிவு நம்மோடு வருமா?